வெடுக்கி என்ற சொல்லுக்கு ஓர் ஆட்சேபம்

3 ஜூன்

மச்சான் அவர்களுக்கு,

இங்கே நலம். நீங்களும் நலமாக இருப்பதாக உங்கள் தங்கை சொல்கிறாள். அவளுக்கு நீங்கள் எழுதும் கடிதங்களின் கடைசியில் "மற்றவர்களும் சௌக்கியம்தானே" என்று ஒரு வரி வருமாம். அந்த மற்றவர்கள் நான்தான் என்று அவளே விளக்கினாள். சௌக்கியம்தான்.

நாம் பேசிக்கொண்டு இரண்டு வருடம் ஆகிறது. காரணம் எனக்குத் தெரியும். மாமா ஓய்வு பெற்ற அன்று தொப்பிப் பட்டறையில் நீங்கள் பாராட்டு மடல் வாசித்தீர்கள். "வெடுக்கி என்னும் தொப்பியை உருவாக்கித் தந்த" என்ற இடம் வந்தபோது, முன்வரிசையில் தேநீரோடு உட்கார்ந்திருந்த நான் "ஆதாரம் என்ன?" என்று கேட்டுவிட்டேன். அகராதி அலுவலகத்தில் இருபத்தொரு வருடமாக ஒரு நாளைக்கு நாற்பது முறை நான் கேட்கிற கேள்வி அது. உப்பு தீர்ந்துவிட்டது என்று உங்கள் தங்கை சொன்னால்கூட வாயில் வந்துவிடுகிறது. அன்றைக்கும் அப்படித்தான் வந்தது. முந்நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மாமா தலையைக் குனிந்துகொண்டார். நீங்கள் மடலைப் பாதியில் மடித்துவிட்டீர்கள்.

மன்னிப்புக் கேட்க மட்டும்தான் எழுதுகிறேன் என்றால் நம்பமாட்டீர்கள். நம்ப வேண்டாம். ஓர் உதவியும் வேண்டும்.

எங்கள் அகராதியின் கடைசித் தொகுதி அச்சுக்குப் போகிறது. தொழில் சொற்கள் என் பொறுப்பு. உங்கள் பட்டறையின் ஃபெல்ட் தொப்பிக்கு வைத்த பெயர் இப்போது கடைத்தெருவிலும் செய்தித்தாளிலும் புழங்குவதால் வெடுக்கியைச் சேர்த்தாக வேண்டும். அந்தச் சொல் எங்கே பிறந்தது என்பதுதான் தெரியவில்லை. விளிம்பை அழுத்தி விட்டால் வெடுக்கென்று நிமிரும், அதனால் அந்தப் பெயர் என்கிறார் எங்கள் தலைவர். வெடுக்கு என்றால் நாற்றம், நனைந்த கம்பளி நாறும், அதனால் என்கிறார் துணைத்தலைவர். இரண்டு பேரும் அந்தத் தொப்பியைத் தொட்டதில்லை.

"பிறப்புத் தெரியவில்லை" என்று எழுதலாம். ஆனால் ஒரு தொகுதியில் ஒருவர் மூன்று தடவை அப்படி எழுதினால் அவரைப் பிற்சேர்க்கைப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். அது கீழ்த்தளத்தில் ஓர் அறை. அங்கே போனவர் யாரும் மேலே திரும்பி வந்ததற்கு ஆதாரம் இல்லை. நான் ஏற்கெனவே இரண்டு தடவை எழுதிவிட்டேன்.

நீங்கள் அந்தப் பட்டறையின் தலைமை மேஸ்திரி. பட்டறைச் சங்கு கேட்டு எழுந்து வளர்ந்தவர். அந்தப் பெயர் யார் வைத்தது, ஏன் வைத்தது, தொப்பியின் அமைப்பு என்ன என்று நாலு வரி எழுதி அனுப்பினால் போதும். ஆகஸ்ட் பத்தாம் தேதி பக்கத்தை மூடுகிறார்கள்.

மற்றவர்களில் ஒருவன்,
உங்கள் தங்கையின் கணவன்


11 ஜூன்

மாப்பிள்ளை அவர்களுக்கு,

மன்னிப்பையும் வேலையையும் ஒரே உறையில் போட்டு அனுப்ப உங்களால்தான் முடியும்.

முதலில் ஒரு திருத்தம். முந்நூறு பேர் இல்லை. இருநூற்று எழுபது பேர். ஆதாரம்: நாற்காலி போட்டவன் நான்.

கேட்டதற்குச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். ஃபெல்ட் என்பது நெய்த துணி இல்லை. கம்பளி மயிரை வெந்நீரிலும் ஆவியிலும் வைத்து அமுக்கி அமுக்கி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள வைப்பது. அது எங்களிடம் கூம்பாக வரும். கூம்பை ஆவியில் காட்டி மர அச்சில் இழுத்து மாட்டினால் தொப்பி. எங்கள் அப்பா அச்சுப் பகுதியில் முப்பத்தெட்டு வருடம் இருந்தார். சூடு ஆறுவதற்குள் தொப்பியை அச்சிலிருந்து வெடுக்கென்று கழற்றுவார். வேறு யாருக்கும் அந்தக் கை வராது. அப்படிக் கழற்றியபோது ஒரு நாள் உச்சியில் குழி விழுந்தது. அதையே ஒரு மாதிரியாக வைத்துக்கொண்டார். பார்த்தவர்கள் வெடுக்கி என்றார்கள். அவ்வளவுதான் கதை.

அமைப்பும் கேட்டீர்கள். நான் ஆவிப் பகுதியிலிருந்து மேஸ்திரியானவன். குழி விழுவதெல்லாம் எனக்கு அடுத்த அறையில். ஆனால் அப்பா முதல் வெடுக்கியைப் போட்டுக்கொண்டு எடுத்த படம், மூன்றடிக்கு இரண்டடி, என் மேசைக்கு எதிரிலேயே மாட்டியிருக்கிறது. அதைப் பார்த்தே எழுதுகிறேன். உச்சியில் இடப்பக்கம் இரண்டு விரல் அகலத்தில் குழி. நாடாவின் முடிச்சு வலப்பக்கம். இடம் வலம் என்பது போட்டுக்கொண்டவருடைய இடம் வலம். பார்க்கிறவனுடையது இல்லை. நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும், அதனால் முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

ஆதாரம் என்ன என்று இன்னொரு தடவை கேட்காதீர்கள்.

தங்கையை விசாரித்ததாகச் சொல்லவும்.

மச்சான்


20 ஜூன்

அன்புள்ள மச்சான்,

உங்கள் கடிதம் என்னைக் காப்பாற்றிவிட்டது. நேற்றுக் குழுவில் வாசித்தேன். "வெடுக்கென்று" என்ற சொல் வந்ததுமே தலைவர் மேசையைத் தட்டி, தான் சொன்னதும் ஏறக்குறைய இதுதான் என்றார். துணைத்தலைவர் மட்டும், கழற்றும்போது நாற்றம் வந்திருக்குமே என்று கொஞ்ச நேரம் முனகிக்கொண்டிருந்தார். பிறகு அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். பதிவு இப்படி வருகிறது:

வெடுக்கி: ஒருவகை ஃபெல்ட் தொப்பி. உச்சியில் இடப்பக்கம் குழியும் வலப்பக்கம் நாடா முடிச்சும் உடையது. (இதை உருவாக்கிய அச்சு மேஸ்திரி, தொப்பியை அச்சிலிருந்து வெடுக்கென்று கழற்றிய வழக்கத்தால் வந்த பெயர்.)

மாமாவிடம் காட்டுங்கள். அன்று நான் கெடுத்ததை அச்சிலேயே சரி செய்துவிட்டேன் என்று உங்கள் தங்கையிடம் சொன்னேன். அவளுக்குத் துணி மடிக்கிற வேலை இருந்தது.

இனி ஒரு சின்னச் சடங்குதான் பாக்கி. தொழில் சொற்களுக்கு எங்களிடம் ஒரு விதி உண்டு. அந்தச் சொல் புழங்கும் இடத்திலேயே பதிவின் மெய்ப்பை, அதாவது அச்சுக்கு முந்தின படியை, பதினைந்து நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். கூடவே மஞ்சள் சீட்டுக் கட்டு ஒன்றும் உறை ஒன்றும் வரும். வேலை செய்கிறவர் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுதி உறையில் போடலாம். மேஸ்திரி அதைப் பிரிக்காமல், ஒட்டிய நாட்களுக்குச் சான்று எழுதி எங்களுக்கு அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் உங்கள் முதலாளி பெயருக்கு இன்று அனுப்பியாயிற்று.

கவலை வேண்டாம். இருபத்தொரு வருடத்தில் வந்த ஆட்சேபம் ஒன்றே ஒன்று. படகுத் துறையிலிருந்து வந்தது. எழுத்துச் சிறியதாக இருக்கிறது என்று.

நன்றியுடன்,
மாப்பிள்ளை


26 ஜூன்

மாப்பிள்ளை,

அதை நிறுத்துங்கள்.

முதலாளி இன்று என்னை அறைக்குக் கூப்பிட்டு உங்கள் உறையைக் கொடுத்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. "உங்க அப்பா அகராதியில வர்றாராமே, வாசல்லயே ஒட்டுங்க, எல்லாரும் பாக்கட்டும்" என்றார். சரி என்றேன்.

நான் எழுதியது மச்சான் மாப்பிள்ளைக்கு எழுதிய கடிதம். அதை இருநூற்று எழுபது பேருக்குப் படித்துக்காட்டச் சொன்னது யார்? விதி இருக்கிறது என்று முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? தொலைபேசியில் கத்தலாம் என்றால் எங்கள் தொலைபேசி முதலாளி அறையில், உங்களுடையது தலைவர் மேசையில்.

ஒட்டாமல் இருக்க முடியாது. வருகை அட்டை குத்தும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், தீ பிடித்தால் என்ன செய்வது என்ற பலகைக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன். ஒட்டியது ஒட்டியதுதானே. அந்தப் பலகையை இந்தப் பட்டறையில் யாரும் படித்ததில்லை. அதற்குப் பின்னால் இருப்பதைப் படிக்கவா போகிறார்கள்?

காரணம் கேட்காதீர்கள். அப்பாவுக்கு விளம்பரம் பிடிக்காது. வேறொன்றும் இல்லை.

மச்சான்


2 ஜூலை

அன்புள்ள மச்சான்,

மாமாவுக்கு விளம்பரம் பிடிக்காது என்பதற்கு ஆதாரம் தேடிப் பார்த்தேன். அவருடைய படம் மூன்றடிக்கு இரண்டடியில் உங்கள் மேசைக்கு எதிரில் மாட்டியிருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இருந்தாலும் முயன்றேன். மெய்ப்பைத் திரும்பப் பெற ஒரே வழிதான் இருக்கிறதாம். பதிவை எழுதியவர், "பிறப்புத் தெரியவில்லை" என்று தன் கையாலேயே திருத்தித் தர வேண்டும். எனக்கு அது மூன்றாவது. கீழ்த்தளம் எப்படி இருக்கிறதென்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஜன்னல் இல்லை. ஒருவர் உட்கார்ந்து, முதல் தொகுதியில் விட்டுப்போன சொற்களை எழுதிக்கொண்டிருந்தார். அகர வரிசையில் இன்னும் முதல் எழுத்தையே தாண்டவில்லை. மேலே மழையா என்று என்னிடம் கேட்டார். மழை நின்று இரண்டு மாதமாகிறது.

பலகைக்குப் பின்னால் ஒட்டியதற்கு நீங்கள் சான்று எழுதினால் அது பொய்ச்சான்று. மறைந்திருந்த நாட்கள் கணக்கில் சேராது. பார்வையில் பட்ட நாளிலிருந்துதான் பதினைந்து.

இன்னொன்று. உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். உங்கள் தங்கை துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "வெடுக்கின்னு ஒருத்தங்க இருந்தாங்களே" என்றாள்.

யார் என்றேன்.

சின்ன வயதில் மாமாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போவாளாம். நாடா தைக்கிற மேசையில் ஓர் அக்கா. எது கேட்டாலும் வெடுக்கென்று பதில் வருமாம். அவரை எல்லோரும் கூப்பிட்டதே அப்படித்தானாம். தொப்பிக்கும் அதே பெயர் இருப்பது அப்போது வேடிக்கையாக இருந்ததாம். "அம்மாகிட்ட கேட்டேன். பேசாம சாப்பிடுன்னாங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். என் சட்டைக் கையில் ஒரே இடத்தில் நாலு தடவை தேய்த்தாள்.

மச்சான், இரண்டு வருடமாக நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன். இப்போது இருநூற்று எழுபது பேர் இல்லை, நாம் இரண்டு பேர்தான். ஆதாரம் என்ன?

மாப்பிள்ளை


9 ஜூலை

மாப்பிள்ளை,

இதைப் படித்ததும் கிழித்துவிடுங்கள். நீங்கள் கிழிக்கமாட்டீர்கள். சீட்டு ஒட்டி அடுக்கி வைப்பீர்கள். இருந்தாலும் சொல்கிறேன்.

நாற்பது வருடத்துக்கு முன்னால் ஆவி அதிகமாகிக் குழைந்துபோன கூம்பு ஒன்றைக் கழிவுக் கூடையில் போட்டிருந்தார்கள். நாடா மேசையில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் அதை எடுத்துச் சாப்பாட்டு இடைவேளையில் ஏதோ செய்தாள். உச்சியை இரண்டு விரலால் கிள்ளினாள். நாடா முடிச்சை எங்கேயோ மாற்றித் தைத்தாள். ஆறுவதற்கு ஓர் அச்சு வேண்டும். அப்போது சும்மா இருந்தது அப்பாவின் அச்சு. அதில் மாட்டிவிட்டுப் போனாள்.

அந்த நேரம் பார்த்துப் பழைய முதலாளி ஒரு வியாபாரியோடு உள்ளே வந்தார். வியாபாரி தொப்பியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யார் செய்தது என்று கேட்டுக்கொண்டே முதலாளி அப்பாவைப் பார்த்தார். அச்சு அப்பாவுடையது அல்லவா. அப்பா நான்தான் என்று சொல்லவில்லை. நான் இல்லை என்றும் சொல்லவில்லை. நின்றார். நாற்பது வருடமாக அப்படியே நிற்கிறார்.

அந்தப் பெண் கதவருகில்தான் இருந்தாள். வாய் நிறையக் குண்டூசி. எல்லோருக்கும் வெடுக்கென்று பதில் சொல்கிறவள் அன்று ஒரு நாள் பேச முடியாமல் நின்றாள். குண்டூசியை ஒவ்வொன்றாக எடுத்து முடிப்பதற்குள் வியாபாரி நூறு தொப்பி சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் அப்பாவுக்குப் படம் எடுத்தார்கள்.

பட்டறையில் யாரும் சண்டை போடவில்லை. புதுத் தொப்பிக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று முதலாளி கேட்டபோது பின்னாலிருந்து ஒருவர் "வெடுக்கி" என்றாராம். எல்லோரும் உதட்டைக் கடித்துக்கொண்டார்களாம். முதலாளிக்கு ஆட்களின் பட்டப்பெயர் எங்கே தெரியும்? கேட்க நன்றாக இருக்கிறதே என்று தங்க எழுத்தில் முத்திரை செய்துவிட்டார். அந்த முத்திரையை ஒவ்வொரு தொப்பியின் உள்பட்டையிலும் அழுத்தியது அப்பாதான். முப்பத்தெட்டு வருடம் அவள் பெயரைத் தன் கையால் அழுத்தினார்.

எனக்கு இதெல்லாம் எப்போது தெரியும் என்று கேட்பீர்கள். அவர் ஓய்வு பெற்ற அன்று சாயங்காலம். மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "மாப்பிள்ளை கேட்டாரே, அதுக்குப் பதில் சொல்றேன், உக்காரு" என்றார். உங்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது மேடையில். அது ஒரு வாரத்தில் போயிருக்கும். உண்மை தெரிந்ததால்தான் இரண்டு வருடம் நின்றது.

இப்போது நடந்ததைக் கேளுங்கள். நேற்றுப் பாதுகாப்பு ஆய்வாளர் வந்தார். தீ எச்சரிக்கைப் பலகையை யாரும் படிப்பதாகத் தெரியவில்லை, மாடிப்படிக்குப் பக்கத்தில் மாற்று என்று உத்தரவு. என் கண்ணெதிரே கழற்றினார்கள். பின்னால் உங்கள் தாள், புத்தம் புதிதாக, சீட்டுக் கட்டோடு. அட்டை குத்த நின்ற வரிசை அப்படியே நின்றுவிட்டது.

அந்த அம்மாள் இன்னும் இங்கேதான் இருக்கிறார். நாடா மேசைக்கு அவர்தான் மூத்தவர். வரிசையில் தன் முறை வந்ததும் கண்ணாடியை மாட்டினார், படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், அட்டையைக் குத்தினார், உள்ளே போனார். நாள் முழுக்க நாடா மேசையில் ஊசிச் சத்தம் மட்டும்தான். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

இது போதாதென்று காவலாளி அப்பாவைப் பார்த்து, உங்கள் பெயரைப் பலகையில் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டான். வந்து பார்க்கிறேன் என்கிறார். படி கழுவுகிறார்கள் என்றேன். மின்சாரம் இல்லை என்றேன். முட்டி வலியை நினைவுபடுத்தினேன். "என்ன போட்டிருக்கு, வாசிச்சுக் காட்டு" என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் நின்றேன். எங்கள் குடும்பத்தில் அது நன்றாக வரும்.

தெரியவில்லை என்று எழுதிவிடுங்கள் மாப்பிள்ளை. கீழ்த்தளம் கோடையில் குளிர்ச்சியாக இருக்கும்.

மச்சான்


14 ஜூலை

அன்புள்ள மச்சான்,

கிழிக்கவில்லை. சீட்டும் ஒட்டவில்லை. சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

"பிறப்புத் தெரியவில்லை" என்று மூன்று தடவை எழுதினேன், மூன்றையும் கிழித்தேன். இது வீரம் என்று நினைக்க வேண்டாம். கீழ்த்தளத்துக்குப் பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், எனக்குத்தான் தெரியுமே. தெரிந்த ஒன்றைத் தெரியவில்லை என்று எழுதிவிட்டால் இருபத்தொரு வருடமாக நான் மற்றவர்களைக் கேட்ட கேள்விக்கெல்லாம் என்ன அர்த்தம்?

உங்கள் கடிதத்தைத் தலைவரிடம் காட்டி மாற்றலாமா என்றும் யோசித்தேன். முடியாது. மெய்ப்பு ஒட்டிய பிறகு கடிதம் செல்லாது. மஞ்சள் சீட்டு மட்டும்தான் செல்லும். வராவிட்டால் ஆட்சேபம் இல்லை என்று வைத்துக்கொண்டு அப்படியே அச்சிடுவார்கள். அடுத்த பதிப்பு வர முப்பது வருடமாவது ஆகும். அதுவரை எந்தப் பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளை அந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் மாமா அச்சிலிருந்து தொப்பியை வெடுக்கென்று கழற்றிக்கொண்டே இருப்பார். அந்த அம்மாள் வாயில் குண்டூசியோடு நின்றுகொண்டே இருப்பார்.

தாள் பார்வைக்கு வந்தது எட்டாம் தேதி. இருபத்து மூன்றாம் தேதி வேலை முடிகிற சங்கோடு உறையை மூட வேண்டும். சீட்டை வேலை செய்கிறவர்தான் எழுதலாம் என்று விதி. வேலை செய்தவரும் எழுதலாம் என்று அதற்கு ஒரு விளக்கம் உண்டு. எழுதியவன் நான்தான், பழைய தொகுதியில். நீங்களும் எழுதலாம்.

நான் உங்களை ஒன்றும் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கு அந்தத் தகுதி இல்லை. மாமா தலை குனிந்ததை அன்றே பார்த்தேன். பார்த்தும் இரண்டு வருடமாக அதைக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லுக்குப் பொருள் எழுதிப் பிழைக்கிறவன் நான்.

உங்கள் தங்கை கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். அழவில்லை. "அண்ணன்கிட்ட எழுதுங்க, அப்பாவ கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. படி கழுவுறாங்கன்னு எத்தன நாள் சொல்லுவாரு" என்றாள். அப்படியே எழுதியிருக்கிறேன். ஒரு சொல் கூட்டவில்லை.

மாப்பிள்ளை


24 ஜூலை

மாப்பிள்ளை,

உறை இத்துடன் வருகிறது. பிரிக்கவில்லை. உள்ளே இரண்டு சீட்டுகள். என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் எழுதவில்லை. நாலு தடவை பேனாவைத் திறந்தேன்.

பதினாலு நாள் யாரும் அந்தச் சீட்டுக் கட்டைத் தொடவில்லை. பட்டறை முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு. நான் பக்கத்தில் போனால் வானிலையைப் பற்றிப் பேசுவார்கள். நேற்றுக் கடைசி நாள். மத்தியானம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். தங்கை சொன்னதற்காகத்தான். உங்களுக்காக இல்லை.

வாசலிலிருந்து பலகைக்கு முப்பது அடி. ஐந்து நிமிடம் ஆயிற்று. கோலை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவரில் கை வைத்துக்கொண்டு படித்தார். சின்னப் பதிவுதானே, நாலு வரி. அவர் படித்த நேரத்துக்கு உங்கள் அகராதி முழுவதையும் படித்திருக்கலாம். அதற்குள் தேநீர் மணி அடித்துவிட்டது. எல்லாப் பகுதிக் கதவும் திறந்தது. நான் அவர் கோலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

அப்பா, முட்டி வலிக்கும், வீட்டுக்குப் போகலாம் என்றேன்.

"இத எழுதிக் குடுத்தது யாரு?"

நான்தான் என்றேன். வேறு யாரையாவது காட்டலாமா என்று ஒரு கணம் தோன்றியது. உங்கள் பெயர்கூட வாய்வரை வந்தது. பிறகு நான்தான் என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. "பேனா குடு" என்றார். சீட்டைச் சுவரில் வைத்து எழுதினார். சுவரில் வைத்தால் பேனாவில் மை இறங்காது. உதறி உதறி எழுதினார். அவர் எழுதி முடிப்பதற்குள் பின்னால் ஆள் வந்து நிற்பது தெரிந்தது. நாடா மேசை அம்மாள்.

முப்பத்தெட்டு வருடம் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தவர்கள். நூல் வந்துவிட்டதா, நாடா போதுமா என்பதைத் தவிர வேறு பேசி நான் பார்த்ததில்லை. கூடம் முழுக்கக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறது. ஒருவரும் குடிக்கவில்லை.

அந்த அம்மாள், "எழுதியாச்சா? நகருங்க, பின்னால ஆள் நிக்குது" என்றார்.

அப்பா நகர்ந்து பேனாவை நீட்டினார். அவர் வாங்கி, மை இறங்கவில்லை என்று சீட்டை என் முதுகில் வைத்து எழுதினார். நான் மேஸ்திரி. எதுவும் சொல்ல முடியுமா? குனிந்து நின்றேன். கொஞ்சம்தான் எழுதினார். என்ன எழுத்து என்று முதுகால் படிக்க முயன்றேன். முடியவில்லை.

"என்ன எழுதுன?" என்று அப்பா கேட்டார்.

"தப்பு இருந்துச்சு. எழுதுனேன்."

"எந்தத் தப்ப?"

"அச்சுல இருக்கற தப்பத்தான் இந்தச் சீட்டுல எழுதச் சொல்லியிருக்கு. மத்ததுக்கு இதுல எடம் பத்தாது."

சொல்லிவிட்டு உறையில் போட்டார். அப்பா போகிற வழியை மறித்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் உதடும் அசைந்தது. அந்த அம்மாள் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். உண்மையாகவே காத்திருந்தார் மாப்பிள்ளை. பிறகு, "டீ ஆறுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்த பிறகு அப்பா சாப்பிட்டார், தூங்கினார். நான்தான் தூங்கவில்லை. அவர் தன்னை எழுதிக்கொண்டாரா, என்னை எழுதினாரா, அந்த அம்மாள் என்னைப் பொய்யன் என்று முதலாளிக்கே தெரிகிற மாதிரி எழுதிவிட்டாரா, ஒன்றும் தெரியவில்லை. என் முதுகில் எழுதியதை உங்கள் தலைவர் எனக்கு முன்னால் படிக்கப் போகிறார். உடனே எழுதுங்கள்.

மச்சான்


12 ஆகஸ்ட்

அன்புள்ள மச்சான்,

தாமதத்துக்கு மன்னிக்கவும். உறையைக் குழுவில்தான் பிரிக்க வேண்டும் என்பது விதி. குழுவோ பத்தாம் தேதி, பக்கத்தை மூடுகிற அன்றுதான் கூடியது. பதினாறு நாள் அந்த உறை என் மேசையிலேயே இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். காகிதம் கனமானது.

முதல் சீட்டு மாமாவுடையது. கோணல் எழுத்து. நடுவில் மை விட்டுப்போய் இரண்டு இடத்தில் வெறும் கீறல். "உருவாக்கியவர் நான் அல்ல. நாடா மேசையில் இருக்கிற அம்மா. பெயரும் அவருடையது. கேட்டபோது நான் சொல்லவில்லை. இப்போதும் கேட்ட பிறகுதான் சொல்கிறேன்." உங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஆதாரம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்.

தலைவர் அந்தக் காலிக் கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டார். அடித்துச் சொல்கிறேன், சீட்டில் வேறெதையும் அவர் பார்க்கவில்லை. மரியாதை காரணமாக ஒரு முதியவர் தன்னைத் தாழ்த்திக்கொண்டு எழுதியிருக்கலாம், ஆதாரம் இல்லாத ஆட்சேபம் செல்லாது, மெய்ப்பை அப்படியே அச்சுக்கு அனுப்பலாம் என்றார். அவருடைய "வெடுக்கென்று" விளக்கமும் அதில் பிழைத்துவிடுகிறது அல்லவா. துணைத்தலைவர் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

நான் எழுந்து நின்றேன். உங்கள் கடிதம் சட்டைப்பையில் இருந்தது. மாமாவின் சீட்டுக்கு ஆதாரமாக அதை எடுத்தால் உங்களைக் காட்டிக்கொடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் முப்பது வருடம். கையைப் பையில் வைத்துக்கொண்டு சொல்ல வந்ததைச் சொல்லாமல் நின்றேன். அப்போது புரிந்தது மச்சான், மாமா அன்றைக்கு எவ்வளவு சுலபமாக நின்றிருப்பார் என்று. கால் வலிக்கவே இல்லை.

இன்னொன்று இருக்கிறதே என்று துணைத்தலைவர்தான் நினைவுபடுத்தினார். இரண்டாவது சீட்டைப் பிரித்தேன். சத்தமாகப் படி என்றார்கள்.

பிறப்பைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. யார் செய்தது, யார் பெயர், யார் பொய் சொன்னது, எதுவும் இல்லை. "குழி வலப்பக்கம். முடிச்சு இடப்பக்கம். மாற்றி எழுதியிருக்கிறீர்கள். படத்தைப் பார்த்து எழுதியிருப்பீர்கள். படத்தில் அவர் தொப்பியை முன்பின்னாகப் போட்டிருக்கிறார். மற்றபடி சொல்ல ஒன்றும் இல்லை."

நம் வீட்டில் இருக்கிற வெடுக்கியை உங்கள் தங்கை அன்று சாயங்காலமே பெட்டியிலிருந்து எடுத்து என் தலையில் வைத்துப் பார்த்தாள். சரிதான். நாற்பது வருடம் அந்தப் படத்துக்குக் கீழே அந்தத் தொப்பியைச் செய்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். நீங்களும்.

ஆனால் அது சாயங்காலம். குழுவில் எங்களிடம் தொப்பி இல்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இத்தனை பேர் கண்ணில் படாதது இவருக்கு மட்டும் எப்படித் தெரியும், இதற்கும் ஆதாரம் காலியா என்று கேட்டார்.

காலி இல்லை. கீழே இரண்டு கட்டங்கள் இருந்தன. உங்கள் முதுகின் மேடு பள்ளம் எழுத்தில் தெரிந்தது. தலைவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் படித்தார், துணைத்தலைவரிடம் கொடுத்தார், அவரும் படித்தார். பதிவில் எதை அடிக்க வேண்டும், எதைச் சேர்க்க வேண்டும் என்று பிறகு யாரும் விவாதிக்கவில்லை. அச்சான பக்கம் இத்துடன் இருக்கிறது. மாமாவிடம் காட்டுங்கள். இரண்டாவது படியை நாடா மேசைக்கு நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள், தபாலில் அனுப்பமாட்டேன்.

அந்த இரண்டு கட்டத்தையும் அப்படியே எழுதுகிறேன்.

ஆட்சேபிப்பவர் பெயர்: வெடுக்கி.

ஆதாரம்: நான்.